படகின் கைப்பிடிக் கம்பி

அப்பா போய் ஒரு வருஷம் ஆனதும், வேளிக் காயல் ஓரத்தில் கிடந்த படகை விற்றுவிடலாம் என்று அக்காவும் நானும் முடிவு செய்தோம். ஃபைபர் உடலும் மரத்தட்டும் கொண்ட சின்னத் துடுப்புப் படகு. பள்ளி நாட்களில் ஞாயிறு மாலைகளில் அப்பா எங்களை அதில் கூட்டிப்போவார். கரைவரை வருகிற அம்மா படகில் மட்டும் ஏறவே மாட்டாள்.

பெங்களூரிலிருந்து வந்திருந்த அக்கா விற்கிற விஷயத்தைச் சொன்னபோது, வலியசாலை வீட்டில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆய்ந்த கீரையை முறத்தில் ஒதுக்கிவைத்தாள். பிறகு, ஒரு தடவையாவது தான் அதில் ஏற வேண்டும் என்றாள். இத்தனை வருஷம் ஏன் ஏறவில்லை என்று அக்கா கேட்டாள்.

"கம்பி ஆடித்தே. ஏறறச்சே எதைப் பிடிச்சுக்கறது?"

அம்மாவுக்குத் தண்ணீரைக் கண்டால் பயம் என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

மறுநாள் போய்ப் பார்த்தோம். படகின் விளிம்போரக் கைப்பிடிக் கம்பி ஆடத்தான் செய்தது. திருகாணிகளைக் கழற்றினால் துளைகளுக்குள் தீக்குச்சிகள். துளை அகன்று திருகாணி பிடிக்காமல் போகும்போதெல்லாம் அப்பா ஒரு குச்சியை ஒடித்துச் செருகி முடுக்கியிருக்கிறார். சிகரெட்டே தொடாத மனிதரின் சட்டைப்பையில் தீப்பெட்டி ஏன் குலுங்கியது என்று அன்றுதான் புரிந்தது. மக்கிய குச்சிகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அக்கா வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

சாலைக் கடைத்தெருவில், உப்புக்காற்றில் துருப்பிடிக்காத ஸ்டீல் போல்ட்டும் அகலமான வாஷரும் வாங்கினோம். மக்கிய மரத்தைச் சுரண்டி, எப்பாக்ஸி பசையால் அடைத்து, அது இறுகியபின் புதிதாகத் துளையிட்டோம். போல்ட்டைத் தட்டு வழியே இறக்கி, அடியில் வாஷர் கொடுத்து நட்டை முடுக்கினோம். அக்கா தன் முழுப் பலத்தோடு கம்பியை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா கம்பியை இரண்டு கையாலும் பற்றி ஏறினாள். அக்காவும் ஏறிக்கொள்ள, நான் துடுப்புப் போட்டேன். நடுக்காயல்வரை அம்மா பிடியை விடவில்லை.

"அப்பா எதுவரைக்கும் போவார்?"

"பொழிவரைக்கும். காயல் கடலைத் தொடுமே, அங்கே."

"அப்போ அங்கேயே போ."

மணல்திட்டுக்கு அப்பால் கடல் தெரிந்ததும் அம்மா அழுதாள். அழட்டும் என்று நாங்கள் இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

படகை விற்கும் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு, மதியச் சாப்பாட்டைச் சீக்கிரமே முடித்துவிட்டு, அம்மா வேறு புடவை கட்டிக்கொண்டு வந்து ஆட்டோவுக்குச் சொல்லச் சொன்னாள்.