பூநாரை இறங்காத கண்மாய்

அந்தப் படத்தை இப்போதும் யாராவது பாராட்டினால் எனக்குக் காது சுடுகிறது. செம்மூக்கு ஆள்காட்டிப் பறவை ஒன்று இரண்டு சிறகையும் விரித்து, வாயைத் திறந்து, நேராக என்னைப் பார்த்துக் கத்தும் படம். நான் எடுத்தவற்றிலேயே நல்ல படம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும்தான் எனக்குக் கேமரா. மூன்று வயது மகளுக்கு இட்லியை டப்பாவில் போட்டுக்கொண்டு, கே.கே. நகரிலிருந்து ஸ்கூட்டரில் மூன்று பேருமாக ஒத்தக்கடை தாண்டி ஒரு கண்மாய்க்குப் போவோம். கணவர் கரையில் மரநிழலில் அவளுக்கு ஊட்டுவார். நான் உள்ளே இறங்குவேன். பிள்ளை சாப்பிட்டாளா, வெயில் படுகிறதா, இப்படி விட்டுவிட்டு வருவது சரிதானா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். அதனாலேயே என் படங்களில் பாதி, பறவை போன பிறகு எடுத்த வானம்.

அன்று அந்த ஆள்காட்டி மட்டும் போகவில்லை. தண்ணீர் வற்றிய பொட்டலில் என்னையே சுற்றிச் சுற்றி வந்தது. தலைக்கு மேல் பறந்து, முன்னால் இறங்கி, மறுபடி கத்தியது. பயப்படாத பறவை என்று மகிழ்ந்து போனேன். ஒரு பறவை ஆளைக் கண்டும் விலகாமல் நிற்க என்ன காரணம் இருக்கும் என்று, பிள்ளை பெற்றவளுக்குத் தோன்றவேயில்லை.

கரையேறியதும் எங்கள் பறவைப்பட வாட்ஸப் குழுவில் படத்தைப் போட்டேன். படத்தோடு இடத்தையும் போட வேண்டும் என்பது அங்கே வழக்கம். போடாதவர்களைக் கஞ்சன் என்று கேலி செய்வார்கள். நான் எதிலும் ஒழுங்கு. நின்ற இடத்திலிருந்தே லொகேஷனையும் அனுப்பினேன்.

மத்தியானம் மகள் தூங்கியபோது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில், கூழாங்கற்கள் என்று நான் நினைத்தவை முட்டைகள். நான் நின்ற இடத்திலிருந்து சில எட்டுதான் இருக்கும். அவ்வளவு நேரமும் அது முட்டையில் வந்து உட்கார முடியாமல்தான் கத்தியிருக்கிறது.

உடனே அழித்திருக்கலாம். அதற்குள் கைதட்டும் எமோஜிகள் வரிசையாக வந்திருந்தன. "மேடம், இது வேற லெவல்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அழித்தால் ஏன் என்று கேட்பார்கள். சொன்னால், கூட்டுப் பக்கத்திலா போய் நின்றீர்கள் என்பார்கள். சாயங்காலம் அழித்துக்கொள்ளலாம் என்று துணி மடிக்கப் போனேன். சாயங்காலம் இன்னும் பாராட்டு சேர்ந்திருந்தது.

அடுத்த ஞாயிறு கண்மாய்க்கரையில் பைக்குகள் வரிசையாக நின்றன.

குழுவில் உள்ளவர்கள்தான். பொட்டலில் அரைவட்டமாக, உட்கார்ந்தும் படுத்தும் பெரிய லென்சுகளை நீட்டியிருந்தார்கள். பறவை அவர்களின் தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றியது. பங்குனி வெயில் அந்நேரத்துக்கே சுள்ளென்று அடித்தது. நிழலில் இருந்த என் மகளுக்கே நெற்றி வேர்த்திருந்தது. முட்டைகள் வெறுந்தரையில் கிடந்தன.

"வாங்க மேடம்! எல்லாம் உங்க புண்ணியம்" என்றார் குழுவில் மூத்தவர், படுத்த வாக்கிலேயே.

"அண்ணே, அங்க முட்டை இருக்கு. கொஞ்சம் தள்ளி நின்னா அது வந்து உக்காரும்."

"தெரியும் மேடம். அது உக்கார வாரப்பதான் ஷாட்டே. அஞ்சே நிமிசம்."

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். "மேடம் எடுத்து முடிச்சிட்டாங்க மாப்ள. இனி நம்ம எடுக்கக் கூடாதுல்ல?"

அவர் சொன்னதில் தவறே இல்லை. கரையை நோக்கி நடந்தேன். பாதி வழியில் நின்றேன். திரும்பி வந்து, எனக்கே ஆச்சரியமான சரளத்தோடு ஒரு பொய் சொன்னேன்.

"அண்ணே, இப்பத்தான் பிரெண்டு போன் பண்ணா. மேலூர் பக்கம் ஒரு கண்மாயில பூநாரை இறங்கியிருக்காம்."

"பூநாரையா? எம்புட்டு?"

"ஒரு கூட்டமே இருக்காம்."

"எந்தக் கண்மாய் மேடம்?"

"மெயின் ரோட்லருந்து பாத்தாலே தெரியுமாம்."

எங்கள் பக்கம் எப்போதாவதுதான் வரும் பறவை அது. மூத்தவர் எழுந்து மண்ணைத் தட்டுவதற்குள் ஒருவர் பைக்கைக் கிளப்பிவிட்டார்.

"நீங்க வரலையா மேடம்?"

"பாப்பா இன்னும் சாப்பிடலண்ணே. நீங்க போங்க, பின்னாலேயே வாரேன்."

கரையில் மகள் என் போனில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். "போன் இவ கையிலதான இருக்கு. உன் பிரெண்டு எதுல பேசுனா?" என்றார், பைக் எடுக்க வந்தவர்கள் பேசியதைக் கேட்டிருந்த கணவர். நான் டப்பாவை மூடினேன்.

கரைக்கு மறுபுறம் மறைந்து உட்கார்ந்தோம். பறவை நேராகக் கூட்டுக்குப் போகவில்லை. தள்ளிக் கிடந்த குட்டையில் வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடிவந்து, முட்டைகளின் சூடு தணிய அவற்றின் மேல் மெல்ல அமர்ந்தது. நான் அதைப் படம் எடுக்கவில்லை என்று பெருமையாகச் சொல்ல ஆசைதான். ஆனால் கை லென்சின் மூடியைக் கழற்றியிருந்தது. கணவர் பார்த்தார். திரும்ப மாட்டினேன்.

"ஒரு கொக்குகூட இல்ல மேடம்" என்று அன்று குழுவில் வந்தது. "பறந்து போயிருக்கும் அண்ணா" என்று எழுதினேன். என் பழைய படத்தையும் லொகேஷனையும் அழிக்கப் பார்த்தேன். நாள் கடந்துவிட்டதால் என் போனிலிருந்து மட்டும்தான் அழிந்தது.

அவர்கள் மறுபடி அங்கே போனார்களா என்று கேட்கவும் பயம். கேட்டால் அவர்களுக்கு அந்த இடம் ஞாபகம் வந்துவிடும்.

குஞ்சு பொரித்ததா என்று எனக்குத் தெரியாது. "தூரத்துல நின்னு பாத்துட்டு வந்துருவோமே" என்கிறார் கணவர். போகலாம்தான். ஆனால் நான் தூரம் என்று நினைப்பது எவ்வளவு என்பது அந்தப் படத்திலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது வீட்டில் இருந்தபடியே மகளுக்கு இட்லி ஊட்டுகிறேன்.