வலது கண்ணில் இருந்த மலை

ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தா போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இருபது வயதிருக்கும். ஒரு கண்ணை மூடித் தேயிலை மலையைப் பார்ப்பாள். பிறகு மறு கண்ணை மூடிப் பார்ப்பாள். கண்ணில் தூசியா என்று கேட்டேன்.

"இல்ல அங்கிள், கிட்டப்பார்வை. ராத்திரி லென்ஸ் போட்டுத் தூங்குனா கருவிழி தட்டையாகி, பகல்ல கண்ணாடி இல்லாமலே தெரியும். வலது லென்ஸ் உடைஞ்சிருச்சு. அந்தக் கண்ணு பழைய வடிவத்துக்கே திரும்பிருச்சு. புதுசு வாங்கத்தான் போறேன். லோரி லைசென்ஸ் எடுக்கணும்லா."

"அப்ப மலையில என்னம்மா பாக்குற?"

இடது கண்ணை மூடிக்கொண்டாள். "இதுல செடியே இல்ல, பச்சை மேகந்தான். சின்னப்பிள்ளையில நான் பார்த்த மலை இதுதான். இன்னிக்கு ராத்திரியோட போயிரும்."

இறங்கும்வரை அவள் இடது கண்ணைத் திறக்கவில்லை. நானும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். பிறகு மறு கண்ணை. இரண்டிலும் ஒரே மலைதான் இருந்தது.