கரண்ட் அடுப்பு மாட்டப் போன இடங்களில்

கேஸ் அடுப்பு கெட்டால் தூக்கி மாற்றிவிடலாம். சமையல் மேடைக் கல்லில் பதித்த கரண்ட் அடுப்பு கெட்டால் கல்லோடும் வயரோடும் வீட்டுக்காரர்களோடும் சேர்த்து மல்லுக்கட்ட வேண்டும். ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனியில் காண்ட்ராக்டில் இருந்தேன். உற்பத்தி லைனைக் குறைத்தபோது என்னையும் குறைத்தார்கள். அப்புறம்தான் அடுப்புக் கம்பெனி சர்வீஸில் சேர்ந்தேன். என்னோடு வேன் ஓட்டி வருகிறவர் பிள்ளைப்பாக்கத்து ரோஸ்லின் அக்கா. வயரிங் அவர் பொறுப்பு, கல் வெட்டுவதும் பேசுவதும் என் பொறுப்பு. அடுத்தவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பிழைக்கிற உங்களுக்கெல்லாம் என் பாடு புரியும்.

கண்ணளவு

முதல் வேலை சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டில். பழைய அடுப்பை எடுத்துவிட்டு அதைவிடப் பெரியதை வைக்க வேண்டும். அதற்கேற்ப மேடைக் கல்லில் ஓட்டையைப் பெரிதாக்க வேண்டும். எவ்வளவு வெட்டலாம் என்ற அளவுத்தாள் பெட்டிக்குள்ளேயே இருந்தது. யார் அதைப் பிரித்துப் படிப்பது? அடுப்பைக் கவிழ்த்துக் கல்மேல் வைத்து, அதன் மேல்தட்டுக் கண்ணாடியைச் சுற்றிக் கோடு போட்டேன். லைனில் இருந்தபோது எல்லாம் கண்ணளவுதான் என்று ரோஸ்லின் அக்காவிடம் பெருமை வேறு.

வெட்டி, தூசி துடைத்து, அடுப்பை மெல்ல இறக்கினேன். அதன் ஓரத்தைத் தாங்கக் கல்லே மிச்சமில்லை. கையை விட்டு நழுவி, கீழே அலமாரியில் இருந்த வெங்காயக் கூடைக்குள் போய் உட்கார்ந்தது. புதுக் கல் வரும்வரை அந்த வீட்டில் ஹோட்டல் சாப்பாடுதான். வீட்டுக்காரர் கோபப்படக்கூட இல்லை. குனிந்து ஓட்டை வழியாக வெங்காயத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, அடுப்பு வைக்கத்தானே சொன்னேன், கிணறு வெட்டச் சொல்லலியே."

பகல் தூக்கம்

ஒரகடம் பக்கம் நிலம் விற்ற ஒருவர், கீழே வரிசையாக வாடகை அறைகளும் மாடியில் தன் வீடுமாகக் கட்டியிருந்தார். மாடியில் அடுப்பை மாற்றினோம். தனி வயர் இழுக்கும்வரை சுவிட்சைத் தொடாதே என்று சொல்லிவிட்டு ரோஸ்லின் அக்கா கீழே வேனுக்குப் போனார். வீட்டுக்காரர் பக்கத்தில் ஆசையாக நின்றார். சும்மா ஒரு தடவை காட்டலாமே என்று அடுப்பின் சூடேறும் வட்டங்கள் எல்லாவற்றையும் முழுச் சூட்டில் வைத்தேன். படாரென்று சத்தம். கட்டடம் முழுக்க கரண்ட் போனது.

நல்ல கோடை, உச்சிவெயில். கீழ் அறைகளில் இருந்தவர்கள் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து தூங்குகிறவர்கள். ஃபேன் நின்றதும் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. லுங்கியும் துண்டுமாக வந்து நின்றார்கள். நான் படியில் நின்றபடி லோடு என்றால் என்ன, இந்தக் கட்டடத்து வயரிங் ஏன் சரியில்லை என்று விளக்க ஆரம்பித்தேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் ஒருவர் சிவந்த கண்ணோடு கடைசிவரை கேட்டார்.

"நீங்க சொல்லுதது எல்லாம் சரிதான் அண்ணாச்சி, அந்த ஃபேனை மட்டும் சுத்த வச்சிட்டுச் சொல்லுங்க."

தொட்டால் போதும்

ஸ்ரீபெரும்புதூரில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தனியாக இருந்தார். அவருடைய அடுப்பில் ஒரு வட்டம் சூடேறவில்லை. பெங்களூரில் இருந்த மகன் புது அடுப்பு அனுப்பியிருந்தார். பழையதில் திருகுகிற குமிழ்கள். புதியது வழவழவென்று ஒரே கண்ணாடி, விரலால் தொட்டு இயக்க வேண்டும். மாட்டி முடித்து, இதோ இந்தச் சிவப்பு லைட்டைத் தொட்டால் போதும் என்றேன். எது என்று கேட்டார். மறுபடி சொன்னேன், மறுபடியும் எது என்றார். காது மந்தம் போல என்று நினைத்துக் கத்திச் சொன்னேன். டீச்சர் பொறுமையாகச் சிரித்தார். காது நன்றாகக் கேட்கிறது, கண்தான் போய்க்கொண்டிருக்கிறது என்றார்.

மகனிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் கையோடு அழைத்துப்போய்விடுவான், அடுப்படிப் பக்கமே விடமாட்டான் என்று பயம். குமிழைத் திருகும்போது வருகிற 'டிக்' சத்தத்தை வைத்துத்தான் இவ்வளவு நாளும் சமைத்திருக்கிறார். கத்தின வெட்கத்தில் நான் கருவிப் பையைத் திறந்து திறந்து மூடினேன். ரோஸ்லின் அக்கா டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு, சொல்லிவிடுவதுதான் நல்லது என்றார். டீச்சர் எங்கள் முன்னாலேயே ஸ்பீக்கரில் போன் போட்டார். எல்லாம் கேட்டுவிட்டு மகன், குமிழ் வைத்ததையே மாட்டச் சொல்லுங்கள், நான் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார்.

குமிழ் அடுப்பு வருவதற்குச் சில நாளானது. அதுவரை பக்கத்து வீட்டுப் பெண்தான் ஒவ்வொரு வேளையும் வந்து கண்ணாடியைத் தொட்டுக் கொடுத்தாள். அதை மாட்டிய அன்று நான் எதையும் விளக்கப் போகவில்லை. டீச்சர் தானே தடவிப் பார்த்தார், திருகினார், டிக், டிக். கொஞ்ச நேரத்தில் டம்ளரை நீட்டினார்.

"ஆறறதுக்குள்ள குடிங்கோ, இன்னிக்குக் காப்பி போட நான் யாரையும் கூப்பிடலை."

எங்கள் ஏரியா

எங்கள் வீட்டு அடுப்பும் சரியாக வேலை செய்யாமல் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மாற்றித் தருகிறேன் என்று நான் சொல்லாத வாரமில்லை. மனைவி கவிதாவுக்கு செல்போன் கம்பெனி லைனில் வேலை. ஓடி வந்து அவசரமாகச் சமைப்பவள். ஒரு நாள் காலை எனக்கு வந்த சர்வீஸ் வேலையில் விலாசத்தைப் பார்த்தால், என் வீடு. ரோஸ்லின் அக்கா வேனைத் திருப்பினார்.

கவிதா கதவைத் திறந்து, வாங்க சார் என்றாள். ஐடி கார்டு கேட்டாள், காட்டினேன். வேலை முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். சர்வீஸ் எப்படி என்று கேட்டு கம்பெனியிலிருந்து அவளுக்குப் போன் வந்தபோது, நான் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"வேலை சுத்தம் மேடம், எங்க வூட்டுக்காரர்கிட்ட சொல்லிச் சொல்லி வாயே வலிச்சிடுச்சு, உங்க ஆளு ஒரு போனுக்கே வந்துட்டாரு."

எந்த வீட்டு அடுப்பை மாற்றினாலும், முதல் சூடு மாட்டுகிறவனுக்குத்தான்.