எங்களைப் படகில் சுற்றிக் காட்டிய மனிதர்

நீங்கள் எங்களை ஏமாற்றினீர்கள், சார். எங்களை மட்டும் அல்ல. எங்களை நம்பி வீட்டுக்குள் விட்ட ஒரு மனிதரை எங்கள் கையாலேயே ஏமாற்ற வைத்தீர்கள். நீங்கள் ஓசூர் ஆலையின் தலைவர், நான் உங்கள் கீழ் வேலை செய்யும் ஃபிட்டர். எனக்கு நயமாக எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், வயலும் தண்ணீருமாகக் கிடக்கும் ஒரு மாவட்டத்தில் நம் கம்பெனிக்குச் சின்ன ஆலை ஒன்று இருந்தது. அங்கே ஓடும் பெரிய கிரைண்டிங் மெஷினைக் கழற்றிப் பூட்டக் கற்றுக்கொண்டு வரச் சொல்லி என்னையும் ராயக்கோட்டைக்காரரான இன்னொரு ஃபிட்டரையும் அனுப்பினீர்கள். புறப்படும் முன் உங்கள் அறையில் நின்று கேட்டேன்: அந்த மெஷினை இங்கே கொண்டுவரப் போகிறீர்களா, அப்படியானால் அங்கே இருப்பவர்கள் கதி என்ன? அதே மாதிரி புது மெஷின் வாங்குகிறோம், அவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்றீர்கள். நான் நம்பினேன்.

அந்த மெஷினைப் பார்த்துக்கொண்டவர் எங்களைவிட மூத்த ஒரு ஃபிட்டர். பள்ளி முடித்ததும் அந்த ஆலைக்கு வந்தவர். அந்த ஊரில் வேறு ஆலை கிடையாது, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருப்பேன் என்பார். எந்த நட்டை எவ்வளவு முறுக்கினால் அந்த மெஷின் முரண்டு பிடிக்காது என்பதைக்கூட மறைக்காமல் சொல்லிக் கொடுத்தார். விடுமுறை நாட்களில் பழைய வேனை எடுத்துக்கொண்டு எங்கள் அறைக்கு வந்துவிடுவார்.

முதலில் ஊர்களைக் காட்டினார். சதுக்கத்தில் சந்தை, அதை ஒட்டி சர்ச். சர்ச் சுவர் முழுக்க கை அளவு கூழாங்கற்கள். எங்கள் கிருஷ்ணகிரியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறை, அங்கே ஒரு குன்றுகூட இல்லை. கட்டக் கல் கிடைக்காமல் வயலில் பொறுக்கிய கூழாங்கல்லை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன் என்று தெரிந்ததும் உள்ளே அழைத்துப்போய் உட்கார வைத்தார். ராயக்கோட்டைக்காரர் சந்தையில் தக்காளியை அமுக்கிப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னார்: "இது தக்காளியா, கிரிக்கெட் பந்தா? நம்மூர் லோடு ஒண்ணு இங்க எறக்குனா நம்மளயே இந்த ஊருக்குத் தலைவராக்கிடுவாங்கப்பா."

பிறகு கடற்கரை. மண் மேடு செங்குத்தாக நிற்கிறது, கீழே கடல் அதை அரித்துக்கொண்டே இருக்கிறது. தார் ரோடு ஒன்று வந்து அந்தரத்தில் முடிந்தது. அதற்கு அப்பால் காற்றைக் காட்டி, என் அத்தை வீடு அங்கேதான் இருந்தது என்றார். விரிசல் தெரிந்த வருடமே சாமான்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். அந்தக் கடலுக்கு இருந்த நேர்மைகூட உங்களுக்கு இல்லை.

அவருக்கு ஒரு சின்னப் படகு இருந்தது. அந்த மாவட்டத்து ஏரிகள் எல்லாம் ஒரு காலத்தில், காய்ந்தால் விறகு போல எரியும் ஒரு வகை மண்ணை வெட்டி எடுத்த குழிகளாம். தண்ணீர் ஏறி ஏரியாகி, ஆறுகளோடு சேர்ந்துவிட்டன. இரண்டு பக்கமும் நாணல், நடுநடுவே இறக்கை இல்லாத பழைய காற்றாலைகள். தாழ்வான கல் பாலம் வந்தால் எல்லோரும் குனிந்து படுக்க வேண்டும். சுக்கானை என் கையில் கொடுத்தார். அதை இடது பக்கம் தள்ளினால் படகு வலது பக்கம் போகிறது. நேராக நாணலுக்குள் விட்டேன். திட்டவில்லை, சிரித்தார். அன்று மாலை அவர் மனைவி நண்டு அவித்துப் போட்டார். அந்த வீட்டு மேசையருகே எங்களுக்கென்று இரண்டு நாற்காலி ஆனது.

ஆயுத பூசை வந்தது. நீங்கள் வீடியோ காலில் வந்து அங்கேயும் பூசை போடச் சொன்னீர்கள். "நம்ம மெஷின்தானே, நல்லாவே போடுங்க" என்றீர்கள். ஒரே கம்பெனி என்பதால் அப்படிச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். ஊரிலிருந்து கொண்டுபோன சந்தனமும் குங்குமமும் இருந்தன. ஓசூரில் அன்றைக்கு இந்து, கிறிஸ்தவன், முஸ்லிம் என்று யாரும் ஒதுங்கி நிற்பதில்லை. அவனவன் மெஷினை அவனவன் துடைத்துப் பொட்டு வைப்பான். அடுத்தவன் மெஷினைத் தொடமாட்டான். நாங்கள் பொட்டு வைத்தோம். அவரே ஃபோட்டோ எடுத்தார். இது எதற்கு என்று கேட்டார். எங்களுக்குச் சோறு போடும் கருவிக்குச் செய்யும் மரியாதை, அவரவர் மெஷினுக்கு அவரவர் செய்வது என்று ராயக்கோட்டைக்காரர் பெருமையாகச் சொன்னார்.

அவர் ஃபோனைத் தாழ்த்தினார். "அப்படியானால் என் மெஷினுக்கு ஏன் நீங்கள் வைக்கிறீர்கள்?"

அந்த வாரம் வேன் வரவில்லை.

அடுத்த சில நாட்களில் எல்லோரையும் நிற்க வைத்து ஆலை மூடப்படுவதாக அறிவித்தார்கள். மரப்பெட்டிகள் வந்து இறங்கின. கழற்றச் சொல்லி எங்களுக்கு உத்தரவு. அவர் என்னிடம் வந்து தன் ஃபோனை நீட்டினார். நாங்கள் உங்களுக்கு அனுப்பிய பூசை ஃபோட்டோவை நீங்கள் அன்றைக்கே கம்பெனிச் செய்திப் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். கீழே, ஓசூருக்கு வரும் புதிய மெஷின் என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் இரண்டு பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம்.

"இது தெரிந்துதான் என் படகில் உட்கார்ந்திருந்தாயா?" என்றார்.

சத்தியமாகத் தெரியாது என்றேன். அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

இப்போது அந்த மெஷின் ஓசூரில் ஓடுகிறது. எனக்குச் சால்வை போர்த்தினீர்கள். நான் அவருக்கு அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் படித்திருக்கிறார், ஒன்றுக்கும் பதில் இல்லை. இரண்டு முறை உங்கள் அறைக்கு வந்தேன், மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லச் சொன்னீர்கள். ராயக்கோட்டைக்காரர் என்னைத் தடுத்துப் பார்த்தார். "அவருக்கு வேல போச்சு. உனக்கும் போவணுமா? வுடுப்பா." அவர் பிள்ளைகள் படிக்கிறார்கள், அவரைக் குறை சொல்லமாட்டேன். எனக்கும் பிள்ளைகள் உண்டு. ஆனாலும் ஒரு மனிதர் மனதில் நான் திருடனாக இருப்பதை அப்படியே விட முடியவில்லை.

அதனால் எல்லோரும் படிக்கும்படி அச்சில் கேட்கிறேன். திங்கட்கிழமை காலை ஷிஃப்ட் மாறும்போது எல்லோரும் கூடி நிற்கும் இடத்தில் மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள். அந்த ஆலையை மூடப் போவது உங்களுக்கு எப்போது தெரியும்? நான் கேட்டபோது ஏன் மறைத்தீர்கள்? எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது என்பதை இங்கிலீஷிலும் சொல்லுங்கள். நான் முன்வரிசையில் நின்று பதிவு செய்து அவருக்கு அனுப்ப வேண்டும். பதில் சொல்லுங்கள், சார்.