சைகோன் ஆயாவின் பெயர் என்ன?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுக் கண் அசரும் நேரம். பிரான்சிலிருந்து அக்கா மகள் ஷான்தால் வீடியோ காலில் வந்தாள். நிறைமாதம். பெண் குழந்தை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம் – அந்த ஊரில் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.

"மாமா, நம்ம சைகோன் ஆயா பேர் என்ன? பாப்பாவுக்கு அதைத்தான் வைக்கப் போறேன்."

எனக்குத் தூக்கம் போய்விட்டது. பெயரா?

சைகோன் ஆயா என்பவர் எங்கள் அப்பாவின் பாட்டி. எனக்கும் ரெஜினா அக்காவுக்கும் கொள்ளுப்பாட்டி. அவர் புருஷன் சவரிராயன், எங்கள் ஊரைப் பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் கப்பலேறிப் போய் சைகோனில் வேலை பார்த்தவர். கோட்டும் மீசையுமாக அவர் போட்டோ இன்றைக்கும் எங்கள் ஹாலில் தொங்குகிறது. எந்தத் துரையோடு சண்டை போட்டார், ஊர் திரும்பும்போது என்ன சென்ட் பாட்டில் கொண்டுவந்தார் – எல்லாம் எங்களுக்கு அத்துப்படி. வேடிக்கை என்னவென்றால், சைகோன் ஆயா சைகோனைப் பார்த்ததே இல்லை. இங்கேயே கிடந்து பிள்ளைகளை வளர்த்து, பேரன் பேத்தி எடுத்தவர். கப்பலில் போனது அவர், பட்டப்பெயர் இவருக்கு.

அந்த அம்மாவின் சொந்தப் பெயரை மட்டும் யாருமே கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

சிரிக்காதீர்கள். உங்கள் கொள்ளுப்பாட்டியின் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம்... ம்? அதேதான்.

மாதா கோயில் ரெஜிஸ்டரில் பார்க்கலாமே என்பீர்கள். எந்தக் கோயில், எந்த வருஷம் என்று சொல்லத் தெரிந்தால்தானே? அக்காவைக் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. ஆனால் ஒப்புக்கொண்டால் அவள் ரெஜினா இல்லையே!

"கல்லறையில எழுதியிருக்கும்டா. போய்ப் பாத்தா தெரிஞ்சிடப் போவுது" என்று முடித்துவிட்டாள்.

உப்பளம் கல்லறைத் தோட்டத்தில் சைகோன் ஆயாவின் கல்லறை அக்காவின் ராஜ்யம். அம்மா இருந்தவரை அம்மா செய்தார். அதற்குப் பிறகு நாற்பது வருஷமாக அக்காதான். கல்லறைத் திருநாளுக்கு முந்தைய வாரம் வாளியும் பிரஷ்ஷுமாகப் போய், நிற்கிற சிலுவையிலிருந்து படுத்திருக்கிற கல் வரைக்கும் தன் கையாலேயே வெள்ளையடிப்பாள். அப்பா அம்மா கல்லறையில் அவளுக்கு ஐந்து நிமிஷம் போதும். சைகோன் ஆயாவிடம் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் பேசுவாள். அத்தான் இறந்தபோது அங்கேதான் அழுதாள். ஒரே மகள் பிரான்சுக்குப் போனபோதும் அங்கேதான். கேட்டால், கடல் தாண்டிப் போனவங்களுக்காகக் காத்துக் கிடந்தவளுக்குத்தான் என் வேதனை புரியும் என்பாள்.

அடுத்த நாள் காலையில் இரண்டு பேரும் போனோம். கல்லைப் பார்த்தேன். ஐசிங் போட்ட கேக் மாதிரி வழவழவென்று இருந்தது.

பெயர் எங்கே என்றேன். உள்ளே இருக்கும் என்றாள்.

வருஷத்துக்கு ஒரு கோட். ஒவ்வொன்றும் பாசத்தோடு அடித்தது. பாசம் ஏற ஏற, பெயர் உள்ளே போய்விட்டது. உயிரோடு இருக்கிறவர்களிடமும் நாம் கொஞ்சம் இப்படித்தான் என்று தோன்றியது. அக்காவிடம் சொல்லவில்லை... கையில் பெயின்ட் சுரண்டுகிற பட்டித் தகடு வைத்திருந்தாள்.

தண்ணீர் ஊற்றி ஊற வைத்து, மெதுவாகச் சுரண்டினோம். முதலில் போன வருஷத்து எமல்ஷன் வந்தது. அதற்கு அடியில் இளம்பச்சை – ஷான்தால் கல்யாணத்துக்கு வீட்டு ஹாலில் அடித்ததில் மிச்சம். ஆயாவுக்கு எதற்கு இந்த டிசைன் என்றேன். வீணாக்கச் சொல்றியா என்றாள். இன்னும் அடியில், நீலம் கலந்த சுண்ணாம்பு. அது அம்மா அடித்தது. அதை அக்கா தகடால் தொடவில்லை, விரலாலேயே தேய்த்து எடுத்தாள்.

சுண்ணாம்புக்கும் கீழே எழுத்து தெரிந்தது. பிரெஞ்சு. அக்கா கன்னியாஸ்திரிகளிடம் பிரெஞ்சு படித்தவள். விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள். இங்கே இளைப்பாறுகிறாள்... மரி தெரேஸ்... வயது இருபத்திரண்டு.

இருபத்திரண்டா? அப்புறம் பேரன் பேத்தி எடுத்தது யார்? செத்த வருஷத்தைப் பார்த்தோம். அந்த வருஷம் எங்கள் தாத்தாவே பிறந்திருக்க முடியாது. தாத்தாவுடைய அம்மா அதற்குள் எப்படிச் செத்திருப்பார்?

இது சைகோன் ஆயா இல்லை. யாரோ ஒரு பெண். இன்னார் மகள், இன்னார் மனைவி என்று ஒரு வார்த்தை இல்லை.

கேலியாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். தகடு கையிலிருந்து விழுந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அப்போ இத்தனை வருஷமா நான் யார்கிட்டடா அழுதேன்?"

பெயர் கிடக்கட்டும், முதலில் இவளை வீட்டுக்குக் கூட்டிப் போய்விடலாம் என்று எழுந்தேன். எழுந்த வேகத்தில் கால் தட்டி வாளி கவிழ்ந்தது. அக்கா எப்போதும் செருப்பைக் கழற்றிவிட்டு வாளி வைக்கிற இடம் அது – பக்கத்தில் தரையோடு தரையாகக் கிடந்த ஒரு கருங்கல் பலகை. சிலுவை கிடையாது. மேலே இலைச் சருகும் மண்ணும்தான். தண்ணீர் அதையெல்லாம் அடித்துக்கொண்டு போக, கல்லில் தமிழ் எழுத்து.

குனிந்து கையால் துடைத்தேன். 'சவரிராயன் பாரியாள்' என்று இருந்தது. பாரியாள் என்றால் மனைவி. அதற்குக் கீழே, இன்னும் பெரிய எழுத்தில் – ஞானப்பூ அம்மாள்.

சத்தமாகப் படித்தேன். அக்கா தவழ்ந்தே வந்துவிட்டாள். இரண்டு கைகளையும் அந்தப் பெயர் மேல் வைத்தாள்.

"இது மேலதானடா வருஷா வருஷம் செருப்பை வெச்சேன்" என்று அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே சிரித்தாள்.

யாரும் பெயின்ட் அடிக்காததால் எழுத்து அப்படியே இருந்தது. எங்கள் அம்மாவுக்குக் காட்டியவர்கள் சரியாகத்தான் காட்டியிருக்கிறார்கள், அதோ அந்த மூலையில் என்று. மூலையில் இருந்ததோ இரண்டு. உசந்த மேடையும் சிலுவையுமாக ஒன்று, தரையில் ஒன்று. அம்மாவிலிருந்து அக்கா வரை நாங்களாகப் பெரியதை எடுத்துக்கொண்டோம். சைகோன் சம்பாத்தியம் பார்த்த குடும்பமாயிற்றே... தரையிலா படுப்போம்? எங்கள் வீட்டுப் பவிசுக்கு இது வேண்டும்.

அங்கிருந்தே ஷான்தாலுக்கு போன் போட்டேன். பெயரைக் கேட்டு இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். உன் பிரெஞ்சுக்கார மாப்பிள்ளை வாயில் இது நுழையுமா என்றேன். நம்ம ஊரில்தான் 'ஞ'வுக்குத் திண்டாடறாங்க மாமா, இவங்க பாஷையில அந்தச் சத்தம் தினமும் வரும் என்றாள். பின்னால் மாப்பிள்ளை 'ஞானப்பூ' என்று சொன்னது கேட்டது. சத்தியமாக என்னைவிட நன்றாகச் சொன்னார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அக்கா பழைய கல்லறையிலேயே மறுபடி உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருந்தாள். வந்த வேலைதான் முடிந்துவிட்டதே என்றேன். அடியில் ஒரு வரி பாக்கி இருந்தது. அதையும் வெளியே கொண்டுவந்து, படித்து, எனக்குத் தமிழில் சொன்னாள்.

'இவ்வழியே போகிறவரே, இவளுக்காக ஒரு செபம் சொல்லும்.'

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். 'அருள் நிறைந்த மரியே' செபம் ஒன்று சொன்னாள். நானும் கூடவே சொன்னேன். நான் செபம் சொல்லி ரொம்ப காலமாகிறது.

கல்லறைத் திருநாள் சாயங்காலம் உப்பளத்தில் நிற்க இடமில்லை. எங்கே பார்த்தாலும் மெழுகுவத்தி. அக்கா பெரிய மார்க்கெட்டிலிருந்து இரண்டு சாமந்தி மாலை வாங்கி வந்திருந்தாள். இரண்டும் ஒரே அளவு. ஞானப்பூ அம்மாளுக்கு ஒன்று, மரி தெரேசுக்கு ஒன்று.

ஷான்தால் வீடியோவில் வந்தாள், மடியில் பிறந்து பத்து நாளான ஞானப்பூ தூங்கிக்கொண்டிருக்க. முதலில் கொள்ளுப்பாட்டியைக் காட்டினேன். அப்புறம் போனைத் திருப்பினேன். யாருக்கும்மா இன்னொரு மாலை, அவங்க நமக்கு என்ன உறவு என்று கேட்டாள்.

அக்கா யோசிக்கவே இல்லை.

"உறவெல்லாம் தெரியாதுடி. ஆனா நம்ம வீட்டுக் கதை பூரா அவளுக்குத்தான் தெரியும்."