மழையில்லாத நாளில் வந்த நோவு

என் வலது விலாவுக்குக் கீழே ஒரு ஷெல் குண்டின் இரும்புத் துண்டு கிடக்கிறது. சண்டைக் காலத்தில், வயல் வட்டையில் நெல் வேளாண்மை வெட்டிக்கொண்டு நின்றபோது பட்டது. யார் அடித்த ஷெல் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. காயத்தைத் தைத்த டொக்டர், துண்டைத் தேடிப் போனால் வில்லங்கம் என்று அப்படியே விட்டுவிட்டார்.

அது சும்மா கிடக்கவில்லை. மழை வருமுன்னே குத்தத் தொடங்கிவிடும். இதனால் ஊரில் எனக்குப் பெரிய மரியாதை. நெல் காயப்போடுகிறவர்கள் வேலிக்கு மேலால் எட்டி, "மச்சான், இண்டைக்கு நோகுதா?" என்று கேட்டுவிட்டுத்தான் பாயை விரிப்பார்கள். ரேடியோக்காரன் பிழைவிட்டாலும் என் விலா பிழைவிடாது.

பிழை விட்டது நாங்கள்தான். என்ன நடந்தாலும் பழியை இரும்பின் தலையில் போட்டோம். சோறு இறங்காததற்கும் இரும்பு, உடம்பு மெலிந்ததற்கும் இரும்பு. கச்சான் காற்று அனலாக அடித்த ஓர் ஆனி மாதம், நான் விலாவைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். என் மனைவி முற்றத்தில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"மழையுமில்ல, மூட்டமுமில்ல. பின்ன என்னத்துக்கு நோகுது?"

"இரும்புதான் புள்ள."

"இது இரும்பில்ல. எழும்புங்க, ஆசுபத்திரிக்குப் போவம்."

நான் எரிந்து விழுந்தேன். அவள் என் சேர்ட்டை எடுத்து என் மேலே போட்டுவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். அவள் செருப்பை மாட்டிவிட்டால் எனக்கு வேறு வழியில்லை.

மட்டக்களப்பில் ஸ்கேன் செய்த டொக்டர், ஈரலில் ஒரு கட்டி தெரிகிறது, அது புற்றுநோயா என்று அறியக் கொழும்பில் சி.ரி. ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். கடிதமும் தந்தார். வழி நெடுகச் சோதனைச் சாவடி. ஆமிக்காரன் வைத்திருந்த கருவி என் விலாவுக்கு வந்ததும் கீச்சிடும். உடம்பில் ஷெல் துண்டு உள்ள தமிழனை, சண்டை பிடித்தவன் இல்லை, வயல் செய்கிற கமக்காரன்தான் என்று யார் நம்புவது? கூட வந்த என் மனைவிதான் கடிதத்தை நீட்டி, என் சேர்ட்டைத் தூக்கித் தழும்பைக் காட்டுவாள்.

கொழும்பில் அந்த வளையத்துக்குள் என்னைப் படுக்கவைத்து, கையில் மருந்து ஏற்றினார்கள். உடம்பெல்லாம் சூடு பரவியது. இடுப்புச் சாரத்தை நனைத்துவிட்டேனோ என்று வெட்கத்தில் தடவிப் பார்த்தேன். படம் பார்க்கும் பெண் டொக்டர் சிங்களவர். தெரிந்த கொஞ்சத் தமிழில் பொறுமையாகச் சொன்னார்: இரும்பு படம் முழுக்க வெள்ளைக் கோடு அடித்திருக்கிறது, கட்டியை மறைக்கிறது. வேறொருவர் என்றால் 'தெளிவில்லை' என்று எழுதி அனுப்பியிருப்பார். அவர் என்னை மறுபடி வரச்சொல்லி, ஒருக்களித்துப் படுக்கவைத்து இன்னொரு தரம் எடுத்தார்.

படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி எங்கள் இருவருக்கும் காட்டினார். மருந்து வந்தவுடன் அந்தக் கட்டி ஈரலின் மற்ற இடங்களுக்கு முந்தி வெளிச்சமாகிறது, பிறகு அவற்றுக்கு முந்தி மங்கிப்போகிறது. புற்றுநோயின் குணம் அது என்றார். என் மனைவிதான் கேட்டாள்.

"வெட்டி எடுக்கேலுமா?"

"ஏலும் அம்மா. ஒண்டுதான் இருக்கு. சின்னது. நல்ல நேரம் வந்தது. இன்னும் கொஞ்சம் சுணங்கினா ஏலாது."

அடுத்த மாதமே வெட்டி எடுத்தார்கள். இதை எழுத நான் இருக்கிறேன். அந்த டொக்டரை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். இரண்டு பக்கமும் ஆட்கள் செத்துக்கொண்டிருந்த காலத்தில், முன்பின் தெரியாத ஒரு தமிழனுக்காக இரண்டாம் தரம் பார்த்த மனுசி.

படம் காட்டிய அன்று அவரைக் கைகூப்பிக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். நான் கும்பிட வேண்டிய மற்றவள், என் மனைவி, எனக்கு முந்தி வெளியே வந்து, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று, ஆசுபத்திரிப் படியில் குந்தியிருந்து அழுதுகொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் குந்தினேன்.