ஆற்றுக்கல் சுமந்தவர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் போடி ஏலக்காய் மண்டியில் உட்கார்ந்தே காய் தரம் பிரித்து என் உடம்பு பருத்துவிட்டது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். மூன்று முறை தொடங்கி, மூன்று முறையும் விட்டேன். நான்காம் முறையாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குரங்கணி மலைப்பாதையில் ஏறினேன்.

முன்னால் ஒருவர் போய்க்கொண்டிருந்தார். மேலே உள்ள எஸ்டேட்டுக்குத் தினமும் தபால் பை சுமப்பவர். ஒல்லியான உடம்பு, கெண்டைக்கால் மட்டும் கடைந்தெடுத்த மரம்போல இருந்தது. முதல் வளைவிலேயே எனக்கு மூச்சு வாங்கியதைப் பார்த்து, பையை இறக்கிவைத்துக் காத்திருந்தார். கிளம்பும்போது அதைத் தூக்கிக் கொடுக்கலாமென்று குனிந்தேன். அசைக்க முடியவில்லை. உள்ளே வழவழப்பான ஆற்றுக்கற்கள்.

"இன்னிக்குத் தபாலு இல்லண்ணே. ஒரு நா சும்மா இருந்துட்டா மறுநா பை கனக்கும். அதான் ஆத்துல கல்லு அள்ளிக்கிருவேன்" என்றார்.

"எப்படிண்ணே தெனமும் மனசு வருது?"

"மனசக் கேட்டாத்தானே? கேட்டா அது படுன்னுதான் சொல்லும். வெரசா வாங்க, வெயிலு ஏறிரும்."

அவர் பின்னாலேயே எப்படியோ உச்சிவரை போய்விட்டேன். அங்கே ஒரு பாறையோரம் பையைக் கவிழ்த்தார். கற்கள் விழுந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு குவியல் இருந்தது. அடியில் கிடந்தவற்றில் பாசி படர்ந்திருந்தது. ஆறு வெகு கீழே வெள்ளைக் கோடாகத் தெரிந்தது.

அவர் அந்த மலையை என் நெஞ்சளவு உயர்த்தியிருந்தார்.